யார் வைத்த நட்சத்திரம்?

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே ஏறி உட்கார்ந்து, இந்தக் கயிறு எப்போது காலை வாரும், அந்த பிரேக் எப்போது கைவிடும் என்று யோசிப்பவன் நான். ஏறி இறங்குகிறவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவன் நிம்மதி இல்லாமல் இருக்கத்தானே வேண்டும்? வேலை முடிந்ததும் அந்தப் புத்தியைப் பையோடு சேர்த்துக் கழற்றி மாட்டிவிட்டு வாருங்கள் என்பாள் என் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பவள். வலிக்காமல் குத்துவாள். பேச்சும் அப்படித்தான்.

சங்கமம் எங்கள் வீட்டுக்கு வந்தது என் புலம்பலால்தான். என் போனில் செய்திக்கு ஒரு செயலி, சொந்தக்காரர்கள் போடும் படங்களுக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று, லிஃப்ட் சம்பந்தமான வலைப்பக்கங்கள் தனி. நாள் முழுக்க ஒவ்வொன்றும் மாற்றி மாற்றி டிங் டிங் என்று உயிரை வாங்கும். ஒரு விடுமுறை நாளில் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது மச்சான் என் போனைப் பிடுங்கிக்கொண்டார். அவர் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். எந்தப் போனைக் கண்டாலும் அவருக்குக் கை நிற்காது.

"சங்கமம்னு ஒரு ஆப் இருக்கு மச்சான். எங்க எது வந்தாலும் எல்லாம் ஒரே வரிசையில வந்து நின்னுடும். புடிச்சதுக்கு ஒரு ஸ்டார் வச்சா தனியா எடுத்து வச்சுக்கும். ஸ்டாருக்குக் கீழ குறிப்புகூட எழுதலாம். குடும்பக் கணக்காவே போட்டுட்டேன். உங்க வீட்டுல என் தங்கச்சி போன்லயும் இதே ஓடும். ஒருத்தர் எதைச் சேர்த்தாலும் எல்லாருக்கும் வரும்."

"யார் சேர்த்தாங்கன்னு காட்டாதா?"

"ஒரே கணக்குதானே? அதுக்கு எல்லாரும் ஒரே ஆளுதான்."

மச்சான் என்றால் எனக்கு இரட்டை மச்சான். நாங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அவருடைய தங்கை எனக்கு மனைவி, என் தங்கை அவருக்கு மனைவி. என் தங்கை பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். பல்வலி என்று போனவர், வலி போன பிறகும் நாலு தடவை போய் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அதில் ஆரம்பித்து இரண்டு கல்யாணத்தில் முடிந்தது. வீட்டில் ராணி மாதிரி இருக்கட்டும் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். என் மனைவியும் தங்கையும் ஒருவரை ஒருவர் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணி என்று ஒரு குரல் கொடுத்தால் இரண்டு பேரும் திரும்புவார்கள்.

முதலில் எல்லாம் தமாஷாகத்தான் இருந்தது. நான் கியர் பெட்டியின் படத்துக்கு நட்சத்திரம் வைத்தால் அதற்கு அடுத்ததாக என் மனைவியின் தொட்டிச்செடி வந்து நிற்கும். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட பூனை ஒன்று எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்க்கிற வீடியோவை நான் சேர்த்தேன். அவள் அதை அடுப்படியில் நின்றபடியே பார்த்துச் சிரித்தாள். நான் கூடத்தில் இருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒருநாள் காலை, பல் துலக்கிக்கொண்டே பார்க்கிறேன், பூனைக்கு மேலே ஒரு நட்சத்திரம். 'வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான விடுதி. தனி அறை உண்டு.' எங்கள் ஊரிலிருந்து ரயிலில் போய் இறங்க வேண்டிய தூரத்தில் இருந்தது அந்த விடுதி.

விரல் பட்டு வந்திருக்கும் என்று நினைத்தேன். விரல் பட்டுச் சேரலாம், நட்சத்திரமுமா விழும்? அடுத்த சில நாட்களில் ஒரு வக்கீலின் பக்கம் சேர்ந்தது. பிரிந்து போவதற்கு முன் பெண்கள் எதையெல்லாம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த அம்மாள் நிறுத்தி நிதானமாகப் பேசினாள். அதற்கும் நட்சத்திரம். நடுவே பல் மருத்துவமனைக்கு ஆள் தேவை என்று ஒன்று வந்தது. அதை விளம்பரம் என்று தள்ளிவிட்டேன். எனக்குத் தேவையானது மட்டும்தான் அப்போது என் கண்ணில் பட்டது.

சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்தோம். குற்றம் செய்கிறவள்தானே கண்ணைத் தாழ்த்துவாள் என்று கணக்குப் போட்டேன். நானும்தான் தாழ்த்தினேன் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் என் தொழிலில் லிஃப்டிடம் யாரும் கேட்பதில்லை, சோதித்துத்தான் பார்ப்போம். ஒரு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியதும் விடுதியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். மதியம் ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்து போனைத் திறந்தால், விடுதி நட்சத்திரத்தோடு திரும்பி வந்திருந்தது. உடனே பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டேன். வரவேற்பில் இருந்த பெண், "மேடம் சாப்பிடப் போயிருக்காங்க சார், போன் அவங்க கையிலதான் இருக்கு, அதுக்கே போடுங்களேன்," என்றாள். அதுதான் எனக்குத் தெரிய வேண்டியது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வேனைப் பரிசோதனைக் கூடத்துக்கு எதிரே நிறுத்தி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தேன். வாசல் பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் பாக்ஸ், கையில் போன். போனைப் பார்த்துச் சிரித்தாள். என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கு எரிந்தது. வேனில் இருந்து இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்காரத் தோன்றவில்லை. பார்த்துவிட்டேன் அல்லவா, அது போதும் என்று கிளம்பினேன்.

அன்று சாயங்காலம் மச்சான் கூப்பிட்டார். அவர் குரலில் ஒரு நமட்டுச் சிரிப்பு இருந்தது.

"என்ன மச்சான், வீட்ல ஏதாவது பூசலா? தனி ரூம் அளவுக்குப் போயிருக்கு போல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணனிடம் சொல்லிவிட்டாள். கட்டின புருஷனுக்குத் தெரியும் முன்னால் அவள் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்று மழுப்பிவிட்டு, தங்கையிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அவ துணி மடிச்சிட்டிருக்கா. என்ன விஷயம், சொல்லுங்க, நான் சொல்லிடுறேன்."

அவளுக்கு எப்போது போன் செய்தாலும் இவர்தான் எடுப்பார். ஒரு போனைக்கூட இரண்டு பேரும் சேர்ந்து வைத்துக்கொள்கிற அளவுக்குப் பாசம் என்று நான் என் மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அவள் அப்போது பேச்சை மாற்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. விடுதியை நான் எடுப்பதும், அது திரும்பி வருவதுமாக இருந்தது. அவள் குளிக்கப் போனால் அவள் போனைத் திருப்பிப் பார்த்தேன். பையில் ரயில் டிக்கெட் இருக்கிறதா என்று துழாவினேன். அலமாரியில் அவள் துணி குறைந்திருக்கிறதா என்று நோட்டம் விட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே பெரிய தடயமாகத் தெரிந்தது. எவ்வளவு கெட்டிக்காரி பார், ஒரு நூல்கூடச் சிக்கவிடவில்லை!

கடைசியில் பொறுமை போனது. ஒரு காலை, அவள் போன கையோடு, விடுதியின் நட்சத்திரத்துக்குக் கீழே குறிப்பு எழுதினேன். 'போறதா இருந்தா தாராளமா போ. இங்க யாரும் கையைப் புடிச்சு இழுக்கல.' எழுதி முடித்ததும் மனசு லேசானது. பாதி வழியில் மறுபடி கனத்தது. அழித்துவிடலாமா என்று வேனை ஓரம் கட்டினேன். படிக்கட்டும், படித்துவிட்டு வாயைத் திறக்கட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

அன்று அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். நானும் வேலை ஓடாமல் வந்துவிட்டிருந்தேன். கைப்பையைக்கூடக் கழற்றாமல் போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"இது யாருக்குங்க?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

"நான் எதுக்குப் போகணும்?"

"அதை நீதான் சொல்லணும். விடுதி பாத்தது நீ. வக்கீலைப் பாத்தது நீ. நான் எடுக்க எடுக்கத் திரும்பத் திரும்ப வச்சதும் நீ."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு மாதிரி விழித்தாள்.

"அதெல்லாம் நீங்க வைக்கிறதுன்னுல்ல நெனச்சேன்?"

"பொம்பளைங்க விடுதிய நான் எதுக்குப் பாக்கப்போறேன்?"

"என்னைக் கொண்டுபோய் அங்க விடத்தான்னு நெனச்சேன். வாயால சொல்லத் தைரியம் இல்லாம, என் கண்ணுல படட்டும்னு போடுறீங்கன்னு. அதான் நானும் கேக்கல. கேட்டா ஆமான்னுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

"பொய் சொல்லாத. பெஞ்சுல உக்காந்து போனைப் பாத்துச் சிரிச்சதை நான் கண்ணால பாத்தேன்."

"எந்த பெஞ்சு?" என்றாள். பிறகு அவளுக்கே புரிந்தது. "எதிர்ல நின்ன வேன் நீங்கதானா? அந்தப் பூனையப் பாத்துச் சிரிச்சேன். இந்தக் கண்றாவிக்கு நடுவுல அது ஒண்ணுதான் நீங்க எனக்குன்னு வச்சதா தெரிஞ்சுது."

ஆனாலும் நான் நம்பவில்லை. நம்பிவிட்டால் அத்தனை நாள் சந்தேகத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? "அப்போ யாரு, பேயா வந்து ஸ்டார் வைக்குது?" என்று என் போனையும் எடுத்து அவள் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் அதே பட்டியல். இரண்டு பேரும் கைகளை மேஜைக்குக் கீழே இறக்கிவிட்டு, எதிராளி தொடுகிறாளா, தொடுகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் வக்கீலின் நட்சத்திரம் அணைந்தது. இரண்டு போனிலும் சேர்ந்தே அணைந்தது.

"நான் தொடல," என்றாள்.

"நானும் தொடல."

விடுதி போயிற்று. என் குறிப்பு மட்டும் தலையில்லாமல் தொங்கியது. வேறு இரண்டு வாடகை அறைகள் இருந்தன, அவையும் ஒவ்வொன்றாக மறைந்தன. யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து வீட்டைக் காலி செய்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மிஞ்சியது பல் மருத்துவமனைக்கு உதவியாளர் தேவை என்ற ஒன்று. விளம்பரம் என்று நான் ஒதுக்கியது. அதற்கும் நட்சத்திரம் இருந்தது. விளம்பரத்துக்கு யார் நட்சத்திரம் வைப்பார்கள்?

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன தடவை அண்ணன் வீட்டுக்குப் போனப்ப, அண்ணி அந்தப் பூனையச் சொல்லிச் சிரிச்சாங்க. நீங்க அனுப்பினதுன்னு நெனச்சேன். அவங்க வீட்டு டேப்லட்லயும் அண்ணன் இதையே போட்டு வச்சிருக்கு!"

தங்கைக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மச்சானுக்குப் போடப் போன என் கையை மனைவி பிடித்துக்கொண்டாள். "அண்ணனுக்கு வேணாம். நேரா போவோம்," என்றாள். வேன் சாவியை எடுத்தேன்.

கதவைத் திறந்தது தங்கை. செருப்பு போட்டிருந்தாள். வாசலை ஒட்டி ஒரு பெட்டி நின்றது. உள்ளே மேஜைமேல் டேப்லட் எரிந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள், நாங்கள் அதைப் பிடுங்க வந்தவர்கள் மாதிரி.

"அவர் இன்னும் வரல. வர்றதுக்குள்ள நான் போகணும் அண்ணா. தடுக்காத."

"என்ன நடந்துச்சு? அடிச்சாரா?"

"அடிச்சிருந்தா உனக்கு ஒரு வார்த்தையில சொல்லியிருப்பேன். தினம் வந்ததும் போனை வாங்கிப் பாப்பார். யார் பேசினா, எதுக்குப் பேசினா, மாடியில துணி காயப்போட ஏன் அவ்ளோ நேரம் ஆச்சு. கடைக்குப் போனா எங்க நிக்கிறேன்னு அவர் போன்ல தெரியும். இப்ப போன் அவர் கையிலயே இருக்கு. காலையில கையோட எடுத்துட்டுப் போயிடுறார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எதுல சொல்ல? நேர்ல வந்தா அவரும் பக்கத்துலயே இருக்கார். சொன்னா அண்ணி என்ன ஆவாங்க? அவங்க அண்ணனாச்சே. என் வீடு உடைஞ்சா உன் வீட்லயும் விரிசல் விழும்." அவள் டேப்லட்டைக் காட்டினாள். "அது உன் கணக்குன்னு தெரியும். பூனை, கியர்னு தினம் உன்னைப் பாத்துட்டுத்தான் இருந்தேன். இதுல போட்டா நீ பாப்ப, பாத்தா யாருடா இதுன்னு கேப்பன்னு போட்டேன். குறிப்பா எழுதினா அவரும் படிச்சிடுவார்."

"மச்சான் பாக்கலையா?"

"பாத்தார். உனக்கும் அண்ணிக்கும் சண்டைன்னு நெனச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். என்மேல சந்தேகமே வரல. எனக்குப் போக இடமே கிடையாதுன்னு அவருக்கு அவ்ளோ நம்பிக்கை." அவள் குரல் உடைந்தது. "நீ எடுத்துப் போட்ட. நான் திருப்பி வச்சேன். மறுபடி எடுத்த. சரி, அண்ணனுக்குப் புரிஞ்சிருச்சு, வராதங்கிறான்னு நெனச்சுக்கிட்டேன். இன்னைக்கு அதை எழுத்துலயே எழுதிட்ட. அதான், உனக்கும் பாரமா வேணாம்னு எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"ஐயோ, அது உனக்கு இல்லம்மா!" என்று கத்திவிட்டேன். "உன் அண்ணிக்கு எழுதினது. அவதான் போகப்போறான்னு நெனச்சு... நான் அவளைத்தான் கவனிச்சிட்டிருந்தேன்."

இதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு என் மனைவியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"கவனிச்சேன்னா? போனைப் பாத்தியா?"

நான் மேஜைமேல் இருந்த டேப்லட்டைப் பார்த்தேன்.

"அப்போ நீயுமா அண்ணா?"

அவளைத் தவிர வேறு யார் அதைக் கேட்டிருந்தாலும் ஏதாவது சமாளித்திருப்பேன். அதற்குள் என் மனைவி குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

"வாங்க அண்ணி, நம்ம வீட்டுக்குப் போலாம்."

"உங்க அண்ணன்..."

"என் அண்ணன்தான். அதனாலதான் நான் தூக்குறேன். வேற யாரு தூக்கினாலும் அண்ணன் ஒரு நியாயம் பேசும்."

"அவர் வரட்டும், ஒரு வார்த்தை பேசிட்டு..." என்று இழுத்தேன். பேசித் தீர்ப்பது ஆண்பிள்ளை வேலை என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

"நீங்க வண்டியை எடுங்க," என்றாள், ஊசி போடுகிற அதே குரலில்.

லிஃப்டில் இறங்கினோம். அந்த பிரேக்கில் ஒரு கரகரப்பு இருந்தது. நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வேனின் பின்பக்கம் கயிறுகளுக்கும் கருவிகளுக்கும் நடுவில் பெட்டியை வைத்தேன். இரண்டு அண்ணிகளும் என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அந்தக் குறிப்பை அழிச்சிடவா?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"வேணாம். இருக்கட்டும். அவரும் படிக்கட்டும்."

"பல் டாக்டர் வேலையை மட்டும் பட்டியல்லேர்ந்து நீ எடுக்கலையே?"

"அது எனக்கு வேணும். டேப்லட்லயே எழுதிப் போட்டேன், நாளைக்கு நேர்ல வரச் சொல்லியிருக்காங்க."

கடைத்தெரு திரும்பியதும் என் போன் அடித்தது. மச்சான். வழக்கமாக நான் எடுப்பேன், அவர் பேசுவார், தங்கை துணி மடித்துக்கொண்டிருப்பாள். நான் கையை நீட்டுவதற்குள் என் மனைவி போனை எடுத்து தங்கையின் கையில் வைத்தாள். அவள் அதை ஒரு கணம் பார்த்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"நான்தான் பேசுறேன்," என்றாள். அந்தப் பக்கம் மச்சான் எங்கே, எங்கே என்று கேட்பது எனக்கே கேட்டது. அவள் கொஞ்ச நேரம் கேட்கவிட்டாள்.

"எங்க இருக்கன்னு கேக்காதீங்க. எப்படி இருக்கன்னு ஒரு தடவையாவது கேளுங்க."

சிக்னல் விழுந்தது, வண்டியை நிறுத்தினேன். என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியை நானும் அவளிடம் கேட்டதில்லை.